தைராய்டு நார்மல், சாப்பாடும் குறைவு. பிறகு ஏன் எடை ஏறுகிறது?

படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். உங்களுக்கு வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ. பத்து வருடங்களுக்கு முன் 62 கிலோ. உட்கார்ந்த இடத்து வேலை. கணவருக்கு வயது 45, உயரம் 172 செ.மீ., எடை 74 கிலோ. அவர் சாப்பிடுவதைவிடக் குறைவாகவே சாப்பிடுகிறீர்கள், ஆனாலும் எடை உங்களுக்குத்தான் ஏறுகிறது. தைராய்டு பரிசோதனை சரியாக வந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் இயந்திரத்தின்மேல் ஏற்றி நிறுத்தி, "உங்கள் மெட்டபாலிக் வயது 57" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். மெட்டபாலிசம், அதாவது உடல் சக்தியை எரிக்கும் வேகம், மந்தமாவது ஏன், அதை வேகப்படுத்துவது எப்படி என்பது உங்கள் கேள்வி.

பல வருடங்களாகப் பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், பலருக்கும் பிடிக்காத பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் உடல் அளவுக்கு மெட்டபாலிசம் எவ்வளவு இருக்க வேண்டுமோ, அநேகமாக அவ்வளவு இருக்கிறது. ஓய்வில் உடல் செலவிடும் சக்தி நோயால் குறைந்துபோனவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குக் குறைந்திருப்பது தசையும் அன்றாட அசைவும். இவை இரண்டையும் கூட்ட முடியும். மற்றதை எந்தப் பொடியாலும் கூட்ட முடியாது.

முதலில் அந்த இயந்திரம். அது மெட்டபாலிசத்தை அளப்பதே இல்லை. பாதத்துக்கு அடியில் உள்ள உலோகத் தகடுகள் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. அதிலிருந்து நீர், தசை, கொழுப்பு எல்லாவற்றையும் ஊகித்து, அந்த ஊகத்தைத் தயாரிப்பாளரின் சூத்திரத்தில் போட்டு ஒரு 'வயதை' நீட்டுகிறது. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். அடுத்தபடியாக அவர்கள் பேசியது ஆண்டுச் சந்தாவைப் பற்றியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையான அளவீடு வேறு மாதிரி. இரவு முழுவதும் வயிற்றைக் காலியாக வைத்திருந்து, காலையில் அசையாமல் படுக்க வேண்டும். தலையையும் முகத்தையும் மூடும்படி ஒளிபுகும் கவிகை ஒன்றைக் கவிழ்ப்பார்கள். உள்ளே போகும் ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வரும் கரியமில வாயு எவ்வளவு என்பதைக் கொண்டு உடல் எரிக்கும் சக்தியைக் கணக்கிடுவார்கள். இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஓய்வில் உடல் எரிக்கும் சக்தியைக் கணிக்க, 1990இல் வெளியான மிஃப்ளின் சூத்திரமே போதும். எடையை 10ஆல் பெருக்கி, செ.மீ. கணக்கில் உயரத்தை 6.25ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டுங்கள். அதிலிருந்து வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்ணானால் மேலும் 161ஐக் கழிக்க வேண்டும், ஆணானால் 5ஐக் கூட்ட வேண்டும்.

உங்களுக்கு வருவது நாளுக்கு ஏறத்தாழ 1,300 கலோரி. கணவருக்கு 1,600. இருவரும் நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் அவர் உங்களைவிட 300 கலோரி அதிகம் செலவழிப்பார். எழுந்து நடமாடினால் இடைவெளி இன்னும் கூடும். உயரமும் தசையும் அவருக்கு அதிகம், அவ்வளவுதான் காரணம். ஆகவே அவருடைய தட்டோடு உங்கள் தட்டை ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 32 வயதில் 62 கிலோவாக இருந்தபோது உங்களுக்கு இதே சூத்திரம் காட்டியிருக்கக்கூடியது 1,270. பத்து வயது கூடியும் இன்றைய எண் சற்றே அதிகம். எடை கூடிய உடல் அதிகம் எரிக்கிறது. 'குண்டாக இருப்பவர்களுக்கு மெட்டபாலிசம் மந்தம்' என்பது அளந்து பார்த்தால் பெரும்பாலும் தலைகீழாகிவிடும்.

ஒரு நாளின் மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு இந்த ஓய்வுச் செலவு. சாப்பிட்டதைச் செரித்து உள்ளே எடுத்துக்கொள்ள ஏறக்குறைய 10 விழுக்காடு. மிச்சமெல்லாம் அசைவு. ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல் மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகங்கள் ஆகியவற்றுடையது. அவற்றை வேகமாக ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்கு 13 கலோரி எரிக்கிறது, ஒரு கிலோ கொழுப்பு நாலரை கலோரி. 'தசை கூடினால் தூக்கத்திலும் கொழுப்பு கரையும்' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த எண்ணை மட்டும் சொல்வதில்லை. இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் ஓய்வில் கூடுதலாக எரிவது 26 கலோரி, ஒரு சிறிய பிஸ்கட்டின் அளவுதான். தசை வேண்டும் என்று நான் வற்புறுத்தப் போவதற்குக் காரணம் வேறு.

நம் ஊர்ப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை (முழு ஓய்வில் உடல் எரிக்கும் சக்தியை) பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னையிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், அமெரிக்காவின் பிரான்சிஸ் பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களை அளந்து 1931இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்க அளவுகோலைவிட நம் பெண்களின் எண் கணிசமாகக் குறைவாக இருந்தது. தட்பவெப்பமா, இனமா, உணவா என்று பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. 1998இல் இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, கொழுப்பைக் கழித்த உடல் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இன வேறுபாடு எதுவும் மிஞ்சுவதில்லை என்று காட்டியது. உடலின் வேகத்தில் குறை இல்லை; வேலை செய்யும் திசு குறைவாக இருந்தது, அவ்வளவே.

இதற்குப் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் ஒரு நல்ல சான்று கொடுத்தார். அவரும் பிரிட்டிஷ் மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கும் புகைப்படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) அச்சுப் பிசகாமல் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு: இதுதான் நம்மில் பெரும்பாலோரின் உடல்வாகு. எடை 55 கிலோ இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதைப் பற்றி. 'நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் விழுந்துவிடும்' என்பதை நானும் பல வருடங்கள் கேட்டிருக்கிறேன். 2021இல் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பான்ட்ஸரும் பலரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. 29 நாடுகள், 6,400க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து 8 நாளான சிசு முதல் 95 வயது முதியவர் வரை. உடல் அளவுக்கு ஈடுசெய்து பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை செலவு கிட்டத்தட்ட ஒரே நிலையில் நிற்கிறது. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு வீதம் இறங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் தனியான ஒரு சரிவு தென்படவில்லை. அந்தக் காலத்தில் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவதும், இரவுத் தூக்கம் கெடுவதும் உண்மை. ஆனால் 42 வயதின்மேல் பழியைப் போட முடியாது.

அப்படியானால் அந்த 8 கிலோ எங்கிருந்து வந்தது? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹாலின் குழுவினர் தந்த ஒரு கணக்கு உண்டு: ஒரு கிலோ கூடுதல் எடையைத் தொடர்ந்து தாங்க, நாளுக்கு ஏறத்தாழ 24 கலோரி கூடுதலாக உள்ளே வர வேண்டும். 8 கிலோவுக்கு 190 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காப்பி இரண்டு டம்ளர். பத்து வருடத்தில் இந்த 190 எப்படி நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவு சிறியது. ஒரு காப்பி கூடியிருக்கலாம். பஸ்ஸுக்கு நடந்த தூரம் ஸ்கூட்டர் வந்ததும் போயிருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது மாடிப்படி போயிருக்கலாம்.

'குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்' என்பதை நான் பொய் என்று சொல்லவில்லை. 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று உறுதியாக நம்பிய பத்துப் பேரை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய மெட்டபாலிசம் சரியாகவே இருந்தது. உண்டதில் பாதியை மட்டுமே அவர்கள் குறித்திருந்தார்கள். உடலுழைப்பை ஒன்றரை மடங்காகக் குறித்திருந்தார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. சாப்பாட்டை நினைவிலிருந்து எழுதினால் எல்லோருக்கும் இதுதான் நடக்கும், மருத்துவர்களுக்கும் சேர்த்து. தாளிக்கும்போது வாயில் போட்ட வேர்க்கடலை, குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்கு நீட்டிய கேக், இவற்றை யார் எண்ணுகிறார்கள்?

தட்டை எண்ணுவதைவிட எண்ணெய் டின்னை எண்ணுவது எளிது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் ஏறக்குறைய 8,200 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளுக்கு 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. வெளியே வாங்கும் வடையும் பரோட்டாவும் இதில் சேராது. மாதம் இரண்டரை லிட்டராக்கினால் ஒவ்வொருவருக்கும் தினம் 100 கலோரி குறையும். ருசியில் பெரிய இழப்பு இருக்காது. மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் உங்கள் வீட்டு எண் தெரிந்துவிடும். அதற்கு நினைவாற்றல் தேவையில்லை.

மெட்டபாலிசத்தை உண்மையாகவே இறக்கும் ஒன்று உண்டு: பட்டினி. கடிதத்தின் நடுவே போகிற போக்கில் சொன்னீர்களே, தங்கை திருமணத்துக்கு முன் ஒரு மாதம் பழச்சாறும் சூப்பும் மட்டும் குடித்து 6 கிலோ குறைத்ததாகவும், நாலு மாதத்தில் 7 கிலோ திரும்பியதாகவும். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடை கால்வாசி இறங்கியது, அடிப்படை வளர்சிதை மாற்றம் 40 விழுக்காடு அளவுக்கு விழுந்தது. உடல் சிறுத்ததால் வந்தது பெரும்பகுதி. அதையும் மீறி, உடலே சிக்கனம் பிடித்ததால் வந்தது மீதி. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், படியேறத் தெம்பில்லை என்றார்கள், நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள்.

கெவின் ஹால் 2016இல் வெளியிட்டது இன்னும் சங்கடமானது. தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து மீண்டும் அளந்தார். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனால் ஓய்வுச் செலவு, அவர்கள் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே நின்றது. இவ்வளவு பெரிய பள்ளம் சாதாரணமாக மெல்ல எடை குறைப்பவர்களுக்கு வருவதில்லை. அவசரமாகக் குறைப்பதில் வேறொரு நஷ்டம் உண்டு: குறைந்த எடையில் கணிசமான பங்கு தசை. திரும்பி வரும்போது முதலில் வருவது கொழுப்பு. ஒவ்வொரு 'திருமண டயட்'டும் முடியும்போது அதே எடையில் முன்பைவிடத் தசை குறைந்த உடல் மிஞ்சுகிறது. ஒரு வேளை உணவைத் தவறவிட்டாலே மெட்டபாலிசம் நின்றுவிடும் என்று சொல்வதும் உண்டு, அது உண்மையில்லை. ஒரு நாள் விரதத்தால் எதுவும் விழாது.

இனி தைராய்டு. 2013இல் வெளியான, எட்டு இந்திய நகரங்களில் நடந்த ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆகவே எடை ஏறும் எல்லோரும் ஒருமுறை டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) பார்ப்பது நியாயம். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உலர்ந்த தோல், முடி உதிர்தல், மாதவிடாயில் அதிகப் போக்கு, குரல் கரகரப்பு, நாடி மந்தம் ஆகியவை கூட இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். கடுமையான குறைவில் ஓய்வுச் செலவு 30, 40 விழுக்காடுகூட இறங்கும். ஆனால் அதிலும் எடை கூடுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 20 கிலோவைத் தைராய்டின் கணக்கில் எழுத முடியாது. மாத்திரை தொடங்கி டி.எஸ்.எச். சரியான பிறகும் எடை இறங்கவில்லை என்று கோபப்படுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு டி.எஸ்.எச். 2.8 என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல எண். அதை இன்னும் இறக்கினால் எடை கரையும் என்று யாராவது மாத்திரை எழுதித் தந்தால் வாங்காதீர்கள். தேவையில்லாத தைராய்டு மாத்திரை படபடப்பைக் கொடுக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், வருடக்கணக்கில் எலும்பை மெலியவைக்கும். உண்மையில் தேவைப்பட்டுச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மாத்திரையை விழுங்கிய கையோடு ஃபில்டர் காப்பி குடித்தால் அது முழுதாக உள்ளே ஏறாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவை ஏற்றிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காதவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது காப்பியைத்தான்.

மற்ற நோய்களைச் சீக்கிரம் சொல்லி நகர்கிறேன். பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் பசியும் வயிற்றுக் கொழுப்பும் கூடும். ஊதாநிறக் கோடுகள் வயிற்றில் விழுந்து, கை கால் மெலிந்து, முகம் உருண்டையானால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பார்க்க வேண்டும், இது அரிது. ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்துகளில் ஓலன்ஸபின், மிர்டஸபின், சர்க்கரைக்கு இன்சுலினும் கிளிமெபிரைடும் எடையை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கான அட்டினலால் வகை மருந்துகள் சிறிதளவு ஏற்றும். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று எழுதித் தந்தவரிடம் கேளுங்கள்.

யாரும் கேட்காத ஒன்று இரத்தசோகை. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 9 இருந்தால் மாடி ஏறும்போதே மூச்சு வாங்கும். மாலையில் சோபாவை விட்டு எழத் தோன்றாது. 'சோம்பேறி' என்று வீட்டில் பெயர் வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு இரும்பு மாத்திரை கொடுத்ததும் நடை தானாகக் கூடியதைப் பார்த்திருக்கிறேன். தைராய்டு அறிக்கையை அனுப்பிய நீங்கள் ஹீமோகுளோபினை அனுப்பவில்லை.

அசைவு என்றால் உடற்பயிற்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999இல் ஜேம்ஸ் லெவின் 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துச் சாப்பிட வைத்தார். ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு அரைக்கிலோவுக்கும் குறைவு, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்குக் காரணம் ஜிம் இல்லை. கொழுப்பு சேராதவர்கள் தங்களை அறியாமலேயே அதிகம் அசைந்தார்கள்: எழுந்தார்கள், நடந்தார்கள், நின்றார்கள், உட்கார்ந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. 'என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது' என்று நாம் பொறாமைப்படும் உறவினரைக் கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் கவனியுங்கள். பந்தி பரிமாறுவார், சாமான் எடுக்கப் போவார், நாற்காலி கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் பேசுவார்.

ஆகவே காலையில் 40 நிமிடம் நடந்துவிட்டு மீதி 15 மணி நேரம் உட்கார்ந்திருப்பவர், உடற்பயிற்சி என்று தனியாக நடக்காத ஒரு பூக்காரம்மாவிடம் தோற்றுப்போவார். அந்த அம்மா நாள் முழுவதும் தெருத்தெருவாக நடப்பவர்தானே. கைபேசியில் இப்போது தினசரி எத்தனை அடி காட்டுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். 3,500 இருந்தால் 6,500 ஆக்குங்கள். பத்தாயிரம் என்ற எண்ணுக்காக மனம் ஒடிய வேண்டாம். 3,000 அடி கூடினால் உங்கள் எடைக்கு ஏறத்தாழ 100 கலோரி. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரையும் சற்று அடங்கும். அலுவலகத்தில் தண்ணீர்ப் பாட்டிலைப் பெரிதாக வாங்கி மேசையில் வைக்காமல், ஒவ்வொரு டம்ளருக்கும் எழுந்து போங்கள்.

தசைக்கு வருகிறேன். அது ஓய்வில் அதிகம் எரிக்காது என்று சொல்லிவிட்டேன். பிறகு எதற்கு? சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு அதுதான். எடை குறைக்கும்போது அதைக் காப்பாற்றினால்தான் குறைவது கொழுப்பாக இருக்கும். கால் தசையில் வலு இருந்தால்தான் மேலே சொன்ன 3,000 அடி சுமையாகத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கையூன்றித் தள்ளுவது பத்து முறை, குதிகாலைத் தூக்கி நிற்பது பதினைந்து முறை, இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. இந்தச் சுற்றை மூன்று தடவை செய்தால் அரை மணி நேரம். எளிதானதும் எடையைக் கூட்டுங்கள். கூட்டாமல் அதே பாட்டிலோடு ஒரு வருடம் நின்றால் தசையும் அங்கேயே நிற்கும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதற்குப் புரதம் வேண்டும். செரிமானத்துக்கே புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3க்குள். 'பருப்புதான் தினமும் சாப்பிடுகிறோமே' என்பார்கள். நாலு பேருக்கான சாம்பாரில் 75 கிராம் துவரம்பருப்பு போடுவோம். அதில் இருப்பது 16 கிராம் புரதம். ஆளுக்கு 4 கிராம். உங்களுக்கு நாளுக்கு 60 கிராமாவது தேவை. காலை இட்லியோடு இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் 12. மதியம் 100 கிராம் மீனோ கோழியோ இருந்தால் 20. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல் 10. இரண்டு கிண்ணம் தயிர் 6, 7. அரிசியும் பருப்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சைவமானால் மதியம் கெட்டிப் பருப்பைக் கூட்டாக்கி, சோயா உருண்டையோ 50 கிராம் பனீரோ சேருங்கள். இரவுத் தோசைக்குப் பதில் வாரத்தில் சில நாள் அடை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உங்கள் மொத்தச் செலவு இப்போது 1,800 கலோரி அளவில் இருக்கும். 1,450 அளவில் சாப்பிட்டால் போதும். 1,200க்குக் கீழே இறங்க வேண்டாம். மாதத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ இறங்கும். மூன்றாவது மாதம் வேகம் குறையும். அப்போது 'மெட்டபாலிசம் நின்றுவிட்டது' என்று பதற வேண்டாம். சிறுத்த உடலுக்குக் குறைந்த சக்தி போதும் என்பதால் அப்படி ஆகிறது.

தூக்கத்தையும் கவனியுங்கள். 2010இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு கலோரியைச் சாப்பிட்டு எடை குறைத்தவர்களே, ஐந்தரை மணி நேரம் மட்டும் தூங்கியபோது, எட்டரை மணி நேரம் வாய்ப்பிருந்தபோது இழந்த கொழுப்பில் பாதியைக்கூட இழக்கவில்லை. தசையை அதிகம் இழந்தார்கள். நீங்கள் 11 மணிக்கு மேல் கைபேசியோடு இருப்பதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அது தனி விஷயம், பரிசோதிக்க வேண்டும்.

சீரகத் தண்ணீர், தேனும் எலுமிச்சையும், கிரீன் டீ, மிளகாய், ஒரு நாளுக்கு ஆறு வேளை சிறு உணவு என்று நீங்கள் தந்த பட்டியலில் கிரீன் டீ, காப்பியைப் போலவே, கஃபீனால் சில மணி நேரத்துக்கு ஓய்வுச் செலவைச் சில விழுக்காடு கூட்டும். உடல் பழகிவிடும். மிளகாய்க்கு அதிலும் குறைவு. மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. தேனில் சர்க்கரை இருக்கிறது. ஆறு வேளையாகப் பிரித்தால் செரிமானச் செலவும் ஆறாகப் பிரியுமே தவிர அதிகமாகாது.

மெட்டபாலிசத்தை உண்மையிலேயே ஏற்றிய மருந்து ஒன்று இருந்தது. டைநைட்ரோபீனால். 1933இல் ஸ்டான்ஃபோர்டில் கட்டிங், டெயின்டர் இருவரும் அதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஓய்வுச் செலவு கணிசமாக ஏறியது, எடை இறங்கியது. கடைகளில் தாராளமாக விற்றார்கள். பிறகு இளம்பெண்களுக்குக் கண்புரை வந்தது. உடல் வெப்பம் அடங்காமல் சிலர் இறந்தார்கள். 1938இல் அமெரிக்கா அதை நிறுத்தியது. இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக வாங்கிச் சாகிறவர்கள் உண்டு. 'கொழுப்பைக் கரைக்கும் மூலிகை' என்று பெயரெழுதாத டப்பாவில் வருவதையும் அதே பயத்தோடு பாருங்கள். அப்படிப்பட்டவற்றில் சிபுட்ரமின் கலந்திருந்த சம்பவங்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியா 2011இல் தடைசெய்த மருந்து அது. இப்போது பேசப்படும் செமகுளூட்டைட், டிர்செபடைட் ஊசிகள் வேலை செய்கின்றன. ஆனால் அவையும் முக்கியமாகப் பசியைத்தான் குறைக்கின்றன. 70 கிலோவில் இருக்கும் உங்களுக்கு, சர்க்கரை நோய் இல்லாத நிலையில், நான் அதை முதலில் எடுக்க மாட்டேன்.

அடுத்த முறை எழுதும்போது நாலு விவரங்களை அனுப்புங்கள்: ஹீமோகுளோபின், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்த இடுப்புச் சுற்றளவு, தினமும் போடும் மாத்திரைகளின் பெயர்கள். இடுப்பு 80 செ.மீ.க்கு மேல் இருந்தால், எடை இறங்குவதற்கு முன்பே அந்த எண் இறங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். எண்ணெய் டின் கணக்கையும் மறக்காமல் எழுதுங்கள். மாமியார் வீட்டிலிருந்து வரும் நெய்யையும் அதில் சேர்க்க வேண்டும்.